திருக்கை வளர்க்க எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்?

வண்ணமீன் கடையில் உள்ளங்கை அகலமே இருக்கும் நன்னீர்த் திருக்கைக் குட்டியைப் பார்த்ததும், வீட்டில் இருக்கும் மூன்றடித் தொட்டியே இதற்குப் போதும் என்று தோன்றும். போதாது. ‘டீகப் ரே’ என்ற பெயரில் விற்பதும் குட்டையான தனி இனமல்ல. இன்னும் வளரவேண்டிய குட்டிதான்.

வீட்டுத் தொட்டிகளுக்கு வரும் திருக்கைகள் பெரும்பாலும் தென் அமெரிக்க ஆறுகளைச் சேர்ந்த பொட்டாமோட்ரைகான் பேரினத்தவை. பழுப்பு உடலில் ஆரஞ்சுப் புள்ளிகள் கொண்ட மோட்டோரோ ஒன்று. பிரேசிலின் ஷிங்கு ஆற்றுக்குரிய, கறுப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட லியோபோல்டி இன்னொன்று. நன்கு வளர்ந்தால், வாலைச் சேர்க்காமல் வட்டமான உடல் மட்டுமே ஒன்றரை அடியிலிருந்து 2 அடி அகலம் வரும். பெண் இன்னும் பெரிதாகும். தொட்டியை அந்த அளவுக்குத்தான் திட்டமிட வேண்டும்.

தொட்டி வாங்கும்போது எல்லோரும் கேட்பது எத்தனை லிட்டர் என்பதைத்தான். திருக்கைக்கு அந்தக் கணக்கு உதவாது. 6 அடி நீளம், 2 அடி அகலம், 3 அடி உயரம் கொண்ட தொட்டியும், 6 அடி நீளம், 3 அடி அகலம், 2 அடி உயரம் கொண்ட தொட்டியும் சுமார் 1,000 லிட்டர்தான் பிடிக்கும். ஆனால் முதலாவதன் தரை 12 சதுர அடி, இரண்டாவதன் தரை 18 சதுர அடி. தரையிலேயே படுத்து, தரையிலேயே இரை தேடும் மீனுக்கு அந்தக் கூடுதல் 6 சதுர அடிதான் வாழ்க்கை. குறுகிய தொட்டியில் வளர்ந்த திருக்கை திரும்பும்போது உடலின் ஓரம் கண்ணாடியில் முட்டி மேலே மடங்கும். நீந்தித் திரும்ப முடியாமல் கண்ணாடியில் ஏறி ஏறி இறங்கும். பார்க்கவே மனம் பொறுக்காது.

எனவே அகலத்தை முதலில் முடிவு செய்யுங்கள். வளர்ந்த உடலின் அகலத்தைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு தொட்டியின் அகலமும், நான்கு மடங்கு நீளமும் இருக்கட்டும். ஒன்றரை அடி உடலுக்கு 6க்கு 3 அடி. 2 அடிக்கு வளரும் பெண்ணுக்கு, அல்லது ஜோடியாக வளர்ப்பதற்கு, 8க்கு 4 அடி. உயரம் 2 அடி தாராளம். வாங்குவதற்கு முன் வைக்கப்போகும் இடத்தில் சாக்பீஸால் 2 அடி வட்டம் ஒன்று வரைந்து, அதைச் சுற்றித் தொட்டியின் அளவையும் கோடு போட்டுப் பாருங்கள். எந்த விளக்கமும் தேவைப்படாது.

மாடியில் குடியிருப்பவர்கள் எடையையும் யோசிக்க வேண்டும். 8க்கு 4க்கு 2 அடித் தொட்டி நிரம்பினால் தண்ணீர் மட்டுமே சுமார் 1,800 கிலோ. வீட்டுத் தளங்களைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ பயன்பாட்டுச் சுமை என்ற கணக்கில்தான் பொதுவாக வடிவமைக்கிறார்கள்; 2 அடி ஆழத் தண்ணீரோ சதுர மீட்டருக்கு 600 கிலோ அழுத்தும். பொறியாளரிடம் கேட்காமல் மாடியில் வைக்காதீர்கள். தரைத்தளத்தில் இடமிருந்தால் சிமெண்ட் தொட்டி கட்டிக்கொள்ளலாம், கண்ணாடியைவிடச் செலவு குறையும். உட்புறத்தை வழவழப்பாகப் பூசச் சொல்லுங்கள், சொரசொரப்பு திருக்கையின் வயிற்றைக் கிழித்துவிடும். புது சிமெண்டில் சுண்ணாம்பு இறங்கும் என்பதால் பலமுறை நீர் நிரப்பிக் கொட்டிய பிறகே மீனை விட வேண்டும்.

திருக்கை நிறையத் தின்னும், நிறையக் கழிக்கும். அமோனியாவைச் சற்றும் தாங்காது. அதனால் பெரிய சம்ப் ஃபில்டரும், வாரந்தோறும் மூன்றில் ஒரு பங்கு நீர் மாற்றமும் கட்டாயம். 1,800 லிட்டர் தொட்டி என்றால் அது 600 லிட்டர். குளோரின் நீக்கிய அவ்வளவு தண்ணீர் வாராவாரம் கிடைக்குமா என்பதையும் தொட்டி அளவோடு சேர்த்தே கணக்கிடுங்கள். அடியில் மென்மையான மணல் போதும், கூர்மையான கற்கள் வேண்டாம். வாலில் நச்சு முள் இருப்பதால், கையை விட்டுச் சுத்தம் செய்யும்போது மீன் விலகிப்போகவும் இடம் வேண்டும்.

அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில், 2022இல் பனாமாவில் நடந்த மாநாட்டில் லியோபோல்டி சேர்க்கப்பட்டது. எனவே உரிய ஆவணம் தருகிற விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள்.

குட்டியாக இருக்கும்வரை சின்னத் தொட்டியில் வைத்துப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள். அந்தப் பெரிய தொட்டிக்கான இடமும் பணமும் இன்றே கையில் இருந்தால் மட்டும் அப்படிச் செய்யுங்கள். 6க்கு 3 அடி ஒதுக்க முடியாத வீட்டுக்குத் திருக்கை வேண்டாம்.