மடிநோய்க்கு மீந்த ஊசி மருந்து... நாமே போடலாமா?

“கறவை மாட்டின் மடி வீங்கி, பால் திரிதிரியாக வருகிறது. பக்கத்து வீட்டு மாட்டுக்கு வாங்கியதில் ‘செஃப்ட்ரியாக்ஸோன்’ ஊசி மருந்து ஒரு குப்பி மீந்திருக்கிறது. அதைப் போடலாமா?”

- வாசகர், குன்னம், பெரம்பலூர் மாவட்டம்.

வேண்டாம். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் மக்காச்சோளமும் பருத்தியும் கைவிடும் ஆண்டில் குடும்பத்தைத் தாங்குவது பால் பணம்தான். பதற்றம் நியாயமானதே. ஆனால், இது மருத்துவர் பார்த்துப் போட வேண்டிய ஊசி.

செஃப்ட்ரியாக்ஸோன், வெள்ளைத் தூளாக வரும் ஆன்டிபயாடிக். நிமோனியா, மூளைக்காய்ச்சல், டைபாய்டு, சிறுநீர்த் தொற்று, எலும்பு மற்றும் மூட்டுத் தொற்று போன்றவற்றுக்கு மனிதர்களுக்கும் இதைத்தான் போடுகிறார்கள். இது பாக்டீரியாவை மட்டுமே அழிக்கும்; சளி, டெங்கு போன்ற வைரஸ் நோய்களுக்குப் பயன்படாது. 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள ‘ஹெச் 1’ பட்டியலில் இதுவும் உண்டு. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்ற விவரத்தைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி, 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு கட்டுப்பாடு? தேவையில்லாமலும் அளவு தவறியும் போட்டால், மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும். சாணம், பால், கை வழியாக அவை வீட்டுக்குள்ளும் வரும். நாளை நம் குழந்தைக்கு நிமோனியா வந்தால், இதே ஊசி கைகொடுக்காமல் போகலாம். கால்சியம் மருந்தோடு கலந்தாலும் இது படிவாகிவிடும். கன்று ஈன்ற மாட்டுக்குக் கால்சியம் ஏற்றியிருந்தால், மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள்.

பால் விஷயத்திலும் கவனம் தேவை. ஊசி போட்ட மாட்டின் பாலில் மருந்து கலந்து வரும். காய்ச்சினாலும் முழுதாகப் போகாது; உறை ஊற்றினால் தயிர் சரியாக உறையாது. மருத்துவர் சொல்லும் நாள் வரை அந்தப் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றாதீர்கள், வீட்டிலும் குடிக்காதீர்கள்.

உடனே செய்ய வேண்டியவை:

* 1962 எண்ணுக்கு அழையுங்கள், அல்லது அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குச் செல்லுங்கள்.

* ஊசிக்கு முன்பே பால் மாதிரி எடுத்துப் பரிசோதிக்க முடியுமா என்று கேளுங்கள். எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்பது அதில் தெரியும்.

* நோயுள்ள காம்பைக் கடைசியாகக் கறந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்தப் பாலைத் தொழுவத்தில் பீய்ச்ச வேண்டாம்.

* ஆரம்ப நிலையில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் மூலிகைப் பூச்சு உதவும். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரையுங்கள். பாலை முழுதும் கறந்து, மடியைக் கழுவிய பிறகு, விழுதை நீரில் கரைத்து நாளுக்கு 10 முறை வரை பூசுங்கள்.

மாட்டுக்குக் காய்ச்சல் இருந்தாலோ, தீவனம் எடுக்காவிட்டாலோ, பாலில் ரத்தம் வந்தாலோ பூச்சை நம்பிக் காத்திருக்காதீர்கள். ஒரு நாள் தாமதம்கூட ஒரு காம்பைப் பாழாக்கிவிடும்.