காட்டூன் பார்த்துப் பிள்ளை அழுதால் ரிமோட்டைத் தேட வேண்டுமா?

சின்னப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சியில் எதற்காகச் சாவையும் பிரிவையும் காட்டுகிறார்கள்? ஏழு நிமிடக் காட்டூன் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று விம்மத் தொடங்கும்போது, தகனினியில் இருந்தாலென்ன, ரொறன்ரோவில் இருந்தாலென்ன, எங்களுக்கு எழும் கேள்வி இதுதான். போரையும் இடப்பெயர்வையும் கண்டு வந்தவர்கள் நாங்கள். எங்கள் பிள்ளையாவது அழாமல் வளரட்டும் என்று நினைப்பது இயல்பு. அதனால் கை தானாகவே ரிமோட்டைத் தேடுகிறது.

ஆனால் அந்தச் சோகமான நிமிடங்கள் தற்செயலாக வந்தவை அல்ல. நன்றாக யோசித்து வைக்கப்பட்டவை. புலம்பெயர்ந்த வீடுகளுக்கு அவை மற்றவர்களைவிடக் கூடுதலாகவே பயன்படும்.

திரு. ஹூப்பரின் மரணம்

இந்த வழியைத் திறந்துவிட்டதில் அமெரிக்காவின் 'செசமி ஸ்ட்ரீட்' நிகழ்ச்சிக்குப் பெரிய பங்கு உண்டு. அதில் கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் காலமானார். வேறொரு நடிகரைப் போட்டிருக்கலாம். ஹூப்பர் வேறு ஊருக்குப் போய்விட்டார் என்று கதையை முடித்திருக்கலாம். அவர்கள் இரண்டையும் செய்யவில்லை. சிறுவர் உளவியல் அறிந்தவர்களிடம் ஆலோசனை கேட்டு, ஹூப்பர் இறந்துவிட்டார் என்பதையே சொல்ல முடிவெடுத்தார்கள். அந்தப் பகுதி 1983 நவம்பர் 24 அன்று ஒளிபரப்பானது. அன்று அமெரிக்காவில் நன்றி கூறும் நாள், பொது விடுமுறை. பிள்ளை கேள்வி கேட்டால் பதில் சொல்லப் பெரியவர்கள் வீட்டில் இருப்பார்கள் என்பதற்காகவே அந்த நாளைத் தேர்ந்தார்கள்.

கதை எளிமையானது. பிக் பேர்ட் என்ற பெரிய மஞ்சள் பறவை தன் நண்பர்கள் எல்லோரையும் படமாக வரைந்து கொண்டுவந்து கொடுக்கிறது. ஹூப்பருக்கும் ஒரு படம் இருக்கிறது. அதைக் கொடுக்க அவரைத் தேடுகிறது. அவர் இறந்துவிட்டார், இனித் திரும்பி வரமாட்டார் என்று பெரியவர்கள் நிதானமாகச் சொல்கிறார்கள். நித்திரை கொள்கிறார் என்று யாரும் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அன்றிரவு படுக்கப் போகவே பிள்ளை பயப்படும். ஏன் இப்படி நடக்க வேண்டும் என்று பறவை கேட்கும்போது, அவர்களிடமும் தேறுதலான விடை இல்லை. ஆனால் யாரும் எழுந்து போகவில்லை. எல்லோரும் கலங்கிய கண்களோடு அதன் பக்கத்திலேயே நிற்கிறார்கள்.

நீல நாய்க்குட்டியின் வீடு

இன்று எங்கள் வீடுகளில் பிள்ளைகள் விரும்பிப் பார்ப்பது 'புளூயி'. பிரிஸ்பேனில் ஜோ பிரம் உருவாக்கி, 2018 முதல் வெளிவரும் நிகழ்ச்சி. அதில் ஒரு பகுதியில் புளூயியும் தகப்பனும் காயப்பட்ட ஒரு சிறு கிளியை மிருக வைத்தியரிடம் கொண்டு போகிறார்கள். கிளி இறந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்ததும் புளூயி தாயையும் தங்கையையும் சேர்த்து அதையே விளையாட்டாக நடிக்கிறாள். அந்த விளையாட்டிலும் கிளி சாகத்தான் செய்கிறது. அவள் முடிவை மாற்றவில்லை. பிள்ளைகள் துக்கத்தைச் செரிப்பது இப்படித்தான். பேச்சால் அல்ல, திரும்பத் திரும்ப விளையாடுவதால். "அம்மம்மா செத்த விளையாட்டு" என்று உங்கள் பிள்ளை தொடங்கினால் அதட்ட வேண்டாம்.

இன்னொரு பகுதியில் முகாமிட்டுத் தங்கும் இடத்தில் பிரெஞ்சு மட்டும் பேசும் ஒரு பையன் புளூயிக்கு நண்பனாகிறான். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. ஆனாலும் சேர்ந்து விளையாடுகிறார்கள், ஒரு விதை நடுகிறார்கள். ஒரு காலையில் அவன் குடும்பம் போய்விடுகிறது. புது வகுப்பில் மொழி தெரியாமல் உட்கார்ந்திருந்த எங்கள் பிள்ளைக்கு இந்தக் கதையை யாரும் விளக்கத் தேவையில்லை.

பந்தம் பிடித்த கைகள்

ஊரில் எங்களுக்கு இதையெல்லாம் தொலைக்காட்சி சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அப்பப்பா செத்தால் பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்தோம். பறையும் ஒப்பாரியும் கேட்டோம். எட்டுச் செலவு, அந்தியேட்டி என்று முப்பத்தொரு நாளும் வீட்டில் ஆட்கள் வந்துபோனார்கள். துக்கத்தில் பிள்ளைக்கும் ஒரு வேலை இருந்தது.

இங்கே சாவு கைபேசியில் வருகிறது. நேரலையில் செத்தவீட்டைப் பார்த்து அம்மா சத்தமில்லாமல் அழுகிறா. பிள்ளை கதவோரம் நின்று பார்க்கிறது. கேட்டால், "அம்மம்மா சாமியிட்டப் போயிட்டா" என்றோ, அதைவிடக் குழப்பமாக, "ஊருக்குப் போயிட்டா" என்றோ சொல்கிறோம். அடுத்த விடுமுறையில் அப்பா ஊருக்குப் போகப் பெட்டி கட்டும்போது, பிள்ளையின் மனம் என்ன பாடுபடும்? 2009 மேயில் போனவர்களின் படம் சுவரில் தொங்குகிறது. அது யார் என்று பிள்ளைக்குத் தெரியும். எப்படிப் போனார்கள் என்று கேட்கக்கூடாது என்பதும் தெரியும். இந்த மௌனம் உள்ள வீட்டில், துக்கத்தைப் பற்றிப் பேசக் கிடைக்கும் ஒரே வாசல் சிலவேளை அந்த ஏழு நிமிடக் காட்டூன்தான்.

பிடுங்க முடியாத பலகை

2024 ஏப்ரல் 14 அன்று அவுஸ்திரேலியாவில் ஒளிபரப்பான 28 நிமிடச் சிறப்புப் பகுதியில் புளூயியின் வீடு விற்பனைக்கு வருகிறது. தகப்பனுக்கு வேறு நகரத்தில் வேலை. பிள்ளைகளுக்குப் போக மனமில்லை. கடைசியில் தகப்பன் 'விற்பனைக்கு' என்ற பலகையைப் பிடுங்கி எறிந்துவிட்டு அங்கேயே இருக்க முடிவெடுக்கிறார். பார்த்த எல்லோருக்கும் நிம்மதி.

எங்கள் கதை இந்த இடத்தில்தான் பிரிகிறது. எங்கள் வீட்டு வாசலில் யாரும் பலகை நட்டுவைத்துக் கேட்கவில்லை. பிடுங்கி எறியவும் எங்களால் முடியவில்லை. எங்களுக்கு மட்டும் நடந்ததும் அல்ல இது. தகனினி என்ற பெயரே இஹாகா தகனினி என்ற மாவோரித் தலைவருடையது. 1863இல் அரசுப் படையினர் அவரைக் குடும்பத்தோடு பிடித்துச் சென்றார்கள். சொந்த நிலத்துக்குத் திரும்பாமலே 1864இல் ரக்கினோ தீவில் அவர் இறந்தார். "புளூயி வீட்டிலேயே இருந்துவிட்டாள், நாங்கள் ஏன் வந்தோம்?" என்று பிள்ளை கேட்டால், அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் கொடுக்க வேண்டும்.

பெற்றோர் செய்யக்கூடியவை

• நிறுத்தாதீர்கள், பக்கத்தில் போய் உட்காருங்கள். "இது வெறும் காட்டூன்தானே" என்று சொல்லாதீர்கள். பிள்ளையின் துக்கம் உண்மையானது.

• "இறந்துவிட்டார்" என்ற சொல்லையே பயன்படுத்துங்கள்.

• அதே பகுதியைப் பத்துத் தரம் கேட்டால் பத்துத் தரமும் போடுங்கள்.

• வயதுக்கு ஏற்ற ஒரே ஒரு கதையைச் சொல்லுங்கள். ஷெல் விழுந்த நாளை ஐந்து வயதுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுவரில் இருக்கும் மாமா பட்டம் விட்ட கதை போதும். மிச்சத்தைப் பிள்ளை வளர வளரக் கேட்கும்.

• உங்களுக்கு அழுகை வந்தால் மறைக்காதீர்கள். ஏன் என்று ஒரு வரியில் சொல்லுங்கள். காரணம் தெரியாத கண்ணீருக்குத் தான்தான் காரணம் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

• வாரக்கணக்கில் நித்திரையோ சாப்பாடோ குழம்பினால் குடும்ப வைத்தியரிடம் பேசுங்கள். பேசப் பேசப் பெற்றோருக்கே தாங்க முடியாமல் போனால், நியூசிலாந்தில் 1737 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம்.

பிக் பேர்ட் வரைந்த ஹூப்பரின் படத்தைக் கடைசியில் அவர்கள் அதன் கூட்டிலேயே மாட்டி வைத்தார்கள். எங்கள் வீட்டுச் சுவரிலும் படங்கள் இருக்கின்றன. அவற்றில் இருப்பவர்களைப் பற்றிப் பிள்ளை கேட்கும் வரை காத்திருக்காமல், அடுத்த முறை அந்தக் காட்டூன் முடியும்போது நாங்களே தொடங்கலாம்.