மழைக் காளான்: பார்க்கலாம், சமைக்கலாமா?



இடி இடித்து மழை பெய்த மறுநாள் புற்று ஓரத்திலும் வைக்கோல் போரிலும் காளான் தலைகாட்டும். புற்றுக் காளான், அரிசிக் காளான் என்று நம் பாட்டிமார் பறித்துக் குழம்பு வைத்தவைதான். ருசியும் உண்டு, புரதச் சத்தும் உண்டு. ஆனால் அதே மழைக்கு நஞ்சுக் காளானும் முளைக்கிறது. 2022 ஏப்ரலில் அஸ்ஸாமில் காட்டுக் காளானைச் சமைத்து உண்ட 13 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தேயிலைத் தோட்டக் குடும்பத்தினர்.

வீட்டுச் சோதனையை நம்பலாமா?

"வெள்ளிக் காசைப் போட்டுக் கொதிக்க வெச்சேன், கறுக்கலை. அப்போ நல்ல காளான்தானே?" என்று கிராமங்களில் என்னிடம் கேட்பார்கள். இல்லை அம்மா. காசு கறுப்பதற்கும் நஞ்சுக்கும் சம்பந்தமே இல்லை. மஞ்சள், பூண்டு சோதனையும் அப்படித்தான். நத்தையும் புழுவும் தின்ற காளான் மனிதரைக் கொல்லக்கூடும். வேக வைத்தாலும் வெயிலில் உலர்த்தினாலும் கொடிய நஞ்சு அழியாது.

எப்படிப் பார்ப்பது?

குடையை மட்டும் பார்க்காமல் அடியோடு தோண்டிப் பாருங்கள். புற்றுக் காளானின் தண்டு வேர் போல நீண்டு கறையான் புற்றுக்குள் இறங்கும். தண்டின் அடியில் கிண்ணம் போன்ற உறை, தண்டில் வளையம், குடைக்குக் கீழே வெள்ளை மடிப்பு, இவை சேர்ந்திருந்தால் உயிரைக் கொல்லும் இனமாக இருக்கலாம்.

புல்வெளியில் வரும் பெரிய வெள்ளைக் காளான் ஒன்றும் நஞ்சுதான். இளசில் அதன் மடிப்பு வெள்ளை, முதிர்ந்தால் பச்சை. முதிர்ந்த குடையை வெள்ளைத் தாளில் வைத்து டம்ளரால் மூடுங்கள். காலையில் பச்சைத் தூள் படிந்திருந்தால் இதுதான். பச்சை இல்லையென்றால் நல்ல காளான் என்று அர்த்தமில்லை.

பூந்தொட்டியிலும் கண்ணாடிப் பெட்டித் தோட்டத்திலும் மஞ்சள் குடைக் காளான் திடீரென்று வரும். செடிக்குக் கெடுதலில்லை. பிள்ளைகள் பார்க்கட்டும், படம் வரையட்டும். வாயில் வைக்க விடாதீர்கள்.

சாப்பிட்டுவிட்டால்?

சில காளான்கள் 1 முதல் 3 மணி நேரத்தில் வாந்தி, பேதியைக் கொண்டுவரும். 6 மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கினால் ஆபத்து இன்னும் அதிகம். இரண்டாம் நாள் வாந்தி நின்றுவிடும். "சரியாப் போச்சு" என்று இருந்துவிடாதீர்கள். அந்த நேரத்தில்தான் உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும்.

ஆகவே 108-க்குச் சொல்லி உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அதே குழம்பைச் சாப்பிட்ட எல்லோரையும், நன்றாக இருப்பவரையும்கூட, கூட்டிச் செல்லுங்கள். மீதிக் காளானைக் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போங்கள்.

சந்தேகம் வந்தால் சட்டியில் போடாதீர்!