செல் சவ்வின் கதை – 9: ஒற்றை வாலின் பிடி

சார்க் என்னும் நொதி, உருவாகும்போதே ஒரு கொழுப்பு வாலைப் பெற்றுவிடுகிறது. ரைபோசோமில் புரதச் சங்கிலி வளர்ந்துகொண்டிருக்கையிலேயே முதல் அமினோ அமிலமான மெத்தியோனின் வெட்டப்படும். அடுத்துள்ள கிளைசினில் வேறொரு நொதி மிரிஸ்டிக் அமிலத்தைப் பிணைக்கும். 14 கார்பன்கள் கொண்ட இந்தக் கொழுப்பு அமிலம் ஜாதிக்காயில் மிகுதி. அந்த மரத்தின் தாவரவியல் பெயரே இதற்கும் அமைந்தது. பிணைப்பு அமைடு வகை என்பதால் புரதம் சிதையும்வரை வால் பெரும்பாலும் கழலாது.

பிற புரதங்களின் டைரோசினில் பாஸ்பேட்டை ஏற்றுவது சார்க்கின் வேலை. கோழிகளுக்குக் கட்டியை உண்டாக்கும் வைரஸைப் பற்றி 1911-இல் பேட்டன் ரவுஸ் எழுதினார். அந்த வைரஸ் சுமந்துவரும் சார்க் மரபணுவே கட்டிக்குக் காரணம் என்பது பல பத்தாண்டுகளுக்குப் பிறகே தெளிவாயிற்று. 1985-இல் ஆய்வாளர்கள் வைரஸ் சார்க்கின் அந்த ஒரு கிளைசினை மட்டும் மாற்றிப் பார்த்தனர். வால் ஏறவில்லை, நொதி சவ்வில் ஒட்டவில்லை. பாஸ்பேட் ஏற்றும் திறன் அப்படியே இருந்தும் செல்கள் புற்றுத்தன்மை அடையவில்லை. நொதிக்குத் திறனைப் போலவே இடமும் முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

ஆனால் வால் மட்டும் போதாது. கொழுப்புச் சங்கிலியில் இரண்டு கார்பன் கூடினால் சவ்வுப் பிணைப்பு ஏறத்தாழ 10 மடங்கு வலுக்கும். இந்தக் கணக்கில் 14 கார்பன் என்பது விளிம்பு நிலை. ஒட்டிய வேகத்திலேயே நழுவிவிடும். சார்க்கை நிலைநிறுத்துவன வாலை அடுத்து வரும் லைசினும் அர்ஜினினும். அவை நேர்மின்சுமை கொண்டவை. பிளாஸ்மா சவ்வின் உள்ளடுக்கிலோ பாஸ்பாடிடைல்செரின் என்ற எதிர்மின் கொழுப்பு நிறைந்துள்ளது. வால் கொழுப்புக்குள் புதைய, மின்கவர்ச்சி மேற்பரப்பில் இழுத்துப் பிடிக்கிறது. இரு பிடிகளும் சேரும்போது வலிமை பெருக்கல் கணக்கில் ஏறும்: எதிர்மின் கொழுப்பு கலந்த செயற்கைச் சவ்வில் சார்க்கின் முனைத்துண்டு, மின்சுமையற்ற சவ்வில் இருப்பதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் இறுகப் பிணைகிறது.

சார்க்கின் உறவு நொதிகளான எல்சிகே, ஃபின் ஆகியவற்றில் இரண்டாம் பிடியும் கொழுப்புதான். சிஸ்டீனில் ஏறும் 16 கார்பன் பால்மிட்டிக் அமிலம் அது. அதன் தயோஎஸ்டர் பிணைப்பைச் செல் வேண்டும்போது அறுக்கலாம். அறுந்ததும் நொதியின் பிடி தளரும்.

ஏபிஎல் நொதியில் மிரிஸ்டிக் வாலுக்கு வேறு வேலை. அது நொதியின் உடலிலேயே உள்ள ஒரு குழிக்குள் மடிந்து நுழைந்து, நொதியை முடக்கி வைக்கிறது. நாள்பட்ட மைலாய்டு ரத்தப்புற்றில் 9, 22 ஆகிய குரோமோசோம்கள் துண்டு மாறிக்கொள்வதால் ஏபிஎல்லின் முன்பகுதி வாலோடு போய்விடும். தடையற்ற நொதி ஓயாது இயங்கும். காலியாகிவிட்ட அந்தக் குழியில் அமர்ந்து நொதியை மீண்டும் முடக்கும் மருந்து அசிமினிப். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021 அக்டோபரில் அதற்கு ஒப்புதல் அளித்தது.