கையிலே 7 ஆயிரம், கண்ணெதிரே கடல்!

குமரி முதல் மும்பை வரை சுற்றி வந்த சென்னை மாணவர்

லீவு விட்டாச்சு! மாணவர்களுக்குக் கையிலே காசு இல்லை. காலோ வீட்டிலே நிற்கவில்லை.

"கோவா போகணும், பம்பாய் பார்க்கணும்" என்று திட்டம் போடாத கல்லூரி மாணவர் உண்டா? பாதிப் பேர் திட்டம் டீக்கடை பெஞ்சிலேயே முடிந்து போகும். மீதிப் பேர் அப்பாவிடம் கேட்பார்கள். அப்பா முறைப்பார். அதோடு சரி!

வியாசர்பாடியைச் சேர்ந்த ஒரு பி.காம். மாணவர் அப்பாவிடம் கேட்கவில்லை. ஓராண்டு டியூஷன் எடுத்துச் சேர்த்த 7 ஆயிரம் ரூபாயோடு கிளம்பினார். கன்னியாகுமரி, திருவனந்தபுரம், ஆலப்புழை, கொச்சி, கோழிக்கோடு, கோவா, மும்பை என்று கடலோரமாகவே ஒரு சுற்றுச் சுற்றி வந்து விட்டார். மொத்தம் 9 இரவுகள். திரும்பி வந்தபோது பையில் 620 ரூபாய் மீதி!

அம்மா போட்ட நிபந்தனை

அவர் அப்பா தி.நகர் ஜவுளிக் கடையில் விற்பனையாளர். வெளியூரில் மகன் மாட்டிக் கொண்டால் உடனே பணம் அனுப்ப அந்த வீட்டில் வழி இல்லை.

"பாஷை தெரியாத ஊர்ல காசு தீர்ந்து போச்சுன்னா யாருடா சோறு போடுவா?" என்று கேட்டார் அம்மா. நியாயமான கேள்விதானே?

கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதம் கிடைத்தது. ஊர் திரும்பும் டிக்கெட்டை முதலில் எடுத்து விட வேண்டும். அதைக் காட்டினால்தான் பயணம்!

ரயிலில் 60 நாள் முன்னதாக ரிசர்வேஷன் செய்யலாம். (2024 நவம்பருக்கு முன் இது 120 நாளாக இருந்தது.) கோடை லீவில் படுக்கைகள் சீக்கிரம் தீர்ந்து விடும். மாணவர் மும்பை - சென்னை படுக்கை டிக்கெட்டை முதல் நாளே எடுத்தார். மற்ற ஊர்களை அதற்கு ஏற்றபடி அமைத்துக் கொண்டார்.

அரை டிக்கெட் கிடையாது!

"ஸ்டூடண்ட் தானே, பாதிக் கட்டணம்தான்" என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. மாணவர் சலுகை சொந்த ஊருக்குப் போய் வரவும், கல்விச் சுற்றுலாவுக்கும்தான். அதற்கும் கல்லூரியில் சான்றிதழ் வாங்க வேண்டும். ஊர் சுற்றிப் பார்க்கிற பயணத்துக்கு முழுக் கட்டணம்தான்.

அப்படியானால் காசு எங்கே மிச்சம்? இரவில்!

ஒன்பது இரவில் மூன்று இரவு ரயிலிலேயே கழிந்தது. சென்னையில் மாலை ஏறினால் காலையில் குமரி. கோழிக்கோட்டில் ஏறினால் விடிவதற்குள் கோவா. கடைசியாக மும்பையிலிருந்து சென்னை. ரயிலே லாட்ஜ்! மற்ற ஆறு இரவுகள் ரயில் நிலைய டார்மிட்டரி, இளைஞர் விடுதி இப்படி ஓடின. பகலில் பை ரயில் நிலைய கிளாக் ரூமில் இருக்கும். பூட்டாத பையை அங்கே வாங்க மாட்டார்கள். பூட்டு வாங்கிய செலவு வீண் போகவில்லை.

கரையில் நின்றால் காசு இல்லை

குமரியில் 133 அடி வள்ளுவர் சிலையைக் கரையிலிருந்து பார்க்கக் கட்டணம் ஏது? ஆலப்புழையில் ஹவுஸ்போட்டுக்கு ஆயிரக்கணக்கில் கேட்டார்கள். மாணவர் அரசு நீர்ப் போக்குவரத்துத் துறைப் படகில் ஏறினார். கயிற்றுத் தொழிலாளி, மீன்காரம்மா, பள்ளிப் பிள்ளைகளோடு அதே காயல், அதே தென்னை மரம்! செலவு சில பத்து ரூபாய்தான்.

எர்ணாகுளத்திலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கும் படகுதான். அங்கே சீன வலை பார்த்தார். 1524-ல் இறந்த வாஸ்கோ ட காமாவை முதலில் புதைத்த தேவாலயம் பார்த்தார். அந்த மனிதர் 1498-ல் வந்து இறங்கிய காப்பாடு கடற்கரை கோழிக்கோட்டுக்குப் பக்கம். அதையும் விடவில்லை.

330 ரூபாய் பாடம்!

வழியில் ஒரு சறுக்கல். எர்ணாகுளத்தில் கையில் இருந்தது முன்பதிவில்லாத டிக்கெட். பொதுப் பெட்டியில் கால் வைக்க இடமில்லை. பக்கத்துப் படுக்கை வசதிப் பெட்டியில் ஏறி, "யார் கேட்கப் போறாங்க?" என்று உட்கார்ந்தார்.

டிக்கெட் பரிசோதகர் கேட்டார்!

குறைந்தபட்ச அபராதம் 250 ரூபாய். கட்டண வித்தியாசம் வேறு. மொத்தம் 330 ரூபாய் போச்சு. ஏறக்குறைய இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு!

"அன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போன் பண்ணப்போ சாப்பிட்டேன்னு பொய் சொன்னேன்" என்கிறார் மாணவர். மறுநாள் கோழிக்கோட்டில் குடும்பஸ்ரீ பெண்கள் நடத்தும் மலிவு விலை ஓட்டலில் வயிறு நிறைந்தது. அரசு 2020-ல் இந்த ஓட்டல்களை 20 ரூபாய்ச் சாப்பாட்டோடு தொடங்கியது. 2023-ல் மானியம் நின்ற பிறகு 30 ரூபாய் ஆனது. ரயில் பயணத்தில் கைகொடுத்தது 20 ரூபாய் பூரி - கிழங்குப் பொட்டலம்.

சிவப்புக் கொடி பறந்தால்...

கோவாவில் நண்பர்கள் சொன்ன முதல் யோசனை, "வாடகை பைக் எடு!" லைசென்ஸ் இல்லாத மாணவர் கதம்பா அரசு பஸ்ஸில் போனார். பழைய கோவாவில் புனித சவேரியார் உடல் உள்ள தேவாலயத்துக்குக் கட்டணம் இல்லை.

கடலிலும் ஒரு கட்டுப்பாடு. உயிர் காப்பாளர் சிவப்புக் கொடி நட்ட இடத்தில் தண்ணீரில் இறங்கக் கூடாது. சுற்றுலா போன மாணவர்களைக் கடல் இழுத்துப் போன செய்தி ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. ஏழாயிரத்தைச் சம்பாதித்து விடலாம். உயிரை?

கோவாவிலிருந்து மும்பைக்கு மட்டும் மாணவர் வேண்டுமென்றே பகல் ரயிலில் போனார். 1998-ல் முழுமையாகத் திறந்த கொங்கண் ரயில் பாதை சுமார் 740 கிலோ மீட்டர். தொண்ணூறுக்கு மேல் குகைகள். ரத்னகிரி பக்கம் ஒரு குகை மட்டும் ஆறரை கிலோ மீட்டர்! ஒரு பக்கம் மலை, மறு பக்கம் ஆறு, பாலம். இரவில் போனால் ஒரு படுக்கைக் காசு மிச்சம். ஆனால் இதெல்லாம் போச்சே!

மும்பையில் லோக்கல் ரயில் டிக்கெட் 5 ரூபாயிலிருந்து. கேட்வே ஆஃப் இந்தியா, மெரீன் டிரைவ் இரண்டும் இலவசம். மத்தியானம் வடா பாவ். ராத்திரி மாட்டுங்காவில் இட்லி சாம்பார். அங்கே தமிழில் பேச்சுக் குரல் கேட்டதும் பாதி வீடு வந்த மாதிரி இருந்ததாம்!

இதோ கணக்கு

ரயில் 1,950 ரூபாய். தங்க 1,950. சாப்பாடு 1,700. படகு, பஸ், லோக்கல் ரயில் 450. அபராதம் 330. ஆக 6,380 ரூபாய்.

இதில் வெட்டிச் செலவு எது என்று பார்த்தாலே தெரியும். டிக்கெட்டில் ஏமாற்றப் பார்த்த 330 ரூபாய்தான் அது!

அடுத்த லீவில் பிள்ளைகள் வந்து நிற்கும்போது, "போகாதே" என்று பெற்றோர் கத்த வேண்டியதில்லை. "திரும்பி வர்ற டிக்கெட்டை முதல்ல காட்டு" என்றால் போதும்.