மிதவையினுள் புகும் நீர்
கசிவை அறிதலும் பழுது நீக்கலும்

கங்கை முதலிய வட இந்திய ஆறுகளில், வெள்ளம் வடிந்தபின் ஆண்டுதோறும் மிதவைப் பாலங்கள் அமைக்கப்படுகின்றன. அடுத்த மழைக்காலம் தொடங்குமுன் அவை பிரித்தெடுக்கப்படுகின்றன. கல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றின்மீது 1874ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மிதவைப் பாலம், 1943இல் இன்றைய ஹவுரா பாலம் திறக்கப்படும்வரை நகரின் போக்குவரத்தைத் தாங்கி நின்றது. பிரயாக்ராஜில் 2025ஆம் ஆண்டு நடைபெற்ற மகா கும்ப மேளாவுக்கு 30 மிதவைப் பாலங்கள் அமைக்கப்பட்டன. இத்தகைய பாலங்களைத் தாங்குவது இரும்புத் தகட்டாலான உருளைகளுள் அடைபட்டிருக்கும் காற்றேயாகும். அக்காற்று வெளியேறி நீர் உட்புகுமாயின், மக்களின் உயிருக்கே தீங்கு நேரக்கூடும்.

மிதத்தலின் கணக்கு

1 மீட்டர் விட்டமும் 6 மீட்டர் நீளமும் உடைய உருளை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் கனஅளவு ஏறத்தாழ 4.7 கன மீட்டர். ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தின்படி, முழுதும் மூழ்கும் நிலையில் அது 4.7 டன் நீரை இடம்பெயர்க்கும். தகட்டின் தடிப்பு 5 மில்லிமீட்டராயின் உருளையின் எடை சுமார் 800 கிலோகிராம். ஆகவே, அது தாங்கக்கூடிய மிகையான சுமை 3.9 டன். உருளையின் கால்பங்கு நீரால் நிரம்பினால் இத்தாங்குதிறனில் ஏறக்குறைய 1.2 டன் குறைந்துவிடும். மேலும், உள்ளே தேங்கிய நீர் ஓரிடத்தில் நில்லாது. பாலம் சற்றே சாய்ந்தாலும் நீர் தாழ்ந்த பக்கத்துக்கு ஓடி அச்சாய்வை மேலும் மிகுதியாக்கும்.

நீர் புகும் வகை

உருளையின் அடியில் மட்டும் ஒரு துளை இருப்பின், சிறிதளவு நீர் உட்சென்று காற்றை அழுத்தும்; பின்னர் நின்றுவிடும். கவிழ்த்து அமிழ்த்திய குவளையில் நீர் முழுதும் ஏறாதது இதனாலேயே. ஆயின் நீர்மட்டக் கோட்டில் துளை விழுந்தால் நிலைமை வேறு. நனைவதும் உலர்வதும் மாறிமாறி நிகழும் அவ்விடத்திலேதான் துரு மிகுதியாகப் பிடிக்கிறது. பகல் வெயிலில் உள்ளிருக்கும் காற்று விரிந்து அத்துளை வழியே வெளியேறும். இரவில் எஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்கும். வெப்பநிலை 37 டிகிரி செல்சியசிலிருந்து 17 டிகிரிக்கு இறங்கினால், உள்ளழுத்தம் ஏறத்தாழ 65 சென்டிமீட்டர் நீர்க்கம்பத்தின் அளவு குறையக்கூடும். அப்போது துளையை நீர் மூடியிருப்பின் அது உள்ளே உறிஞ்சப்படும். மறுநாள் வெயிலில் வெளியேறுவது காற்றே. துளைக்குக் கீழே தேங்கிவிட்ட நீர் வெளியேற வழியில்லை. இவ்வாறு மயிரிழை போன்ற கீறலும் நாளடைவில் உருளையைக் கனக்கச் செய்கிறது.

நீரை வெளியேற்றல்

ஆழமான நீரில் மிதக்கும் உருளையின் மேல்மூடியைத் திறத்தல் பெருந்தவறு. அடியில் துளை இருக்குமாயின், மூடி திறந்ததும் காற்று தப்பிவிடும். அதுவரை தடுக்கப்பட்டிருந்த நீர் தங்குதடையின்றி உட்புகும். எனவே உருளையை முதலில் ஆழமற்ற கரையோரத்துக்கு இழுத்து, தரையில் அமரச் செய்து, உருளாவண்ணம் ஆப்பு வைத்தல் வேண்டும். பின்பு மூடியைச் சிறிது சிறிதாகத் தளர்த்துக. உள்ளழுத்தம் இருக்கக்கூடுமாதலால், மூடிக்கு நேராக முகத்தை நீட்டலாகாது. உள்நீரின் மட்டம் ஆற்றின் மட்டத்தினும் தாழ்ந்திருந்தால், வளைகுழாய் வைத்து நீரை ஆற்றுக்குள் வடிக்க இயலாது; பம்பினாலேயே இறைத்தல் வேண்டும். பெரும்பகுதி நீர் நீங்கிய பின்னரே உருளையைக் கரையேற்றி, ஒரு முனை தாழும்படி மரக்கட்டைகளின்மீது இருத்தி, எஞ்சியதை வடித்துவிடலாம்.

துளையைக் கண்டறிதல்

உருளையை மூடி, சிறிதளவு காற்றைச் செலுத்தி, தையல்களின்மீதும் வளையங்கள் பற்றவைத்த இடங்களிலும் சோப்புநீர் தடவுக. குமிழி எழும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்க. அழுத்தத்தை அளக்க, நீர் நிரப்பிய வளைந்த கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் குழாய் போதும். இரு கிளைகளின் நீர்மட்ட வேறுபாடு 1 மீட்டர் எனில், அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.1 கிலோகிராம். இது அற்பமாகத் தோன்றினும், 1 மீட்டர் விட்டமுள்ள முனைத்தகட்டின்மீது 785 கிலோகிராம் விசையாகும். ஆதலின் உருளைக்கு விதிக்கப்பட்ட வரம்பை மீறலாகாது. பட்டறையின் அழுத்தக்காற்றை, அழுத்தம் குறைக்கும் வால்வின்றி நேரே இணைத்தலும் கூடாது. வெயில் ஏறுமுன் சோதித்தல் நன்று. வெயிலில் அழுத்தம் தானே உயரும்.

பழுது நீக்கல்

அவசர நிலையில் ரப்பர்த் துண்டை இரும்புத் தகட்டால் அழுத்தி இறுக்கலாம். இது தற்காலிக ஏற்பாடே. நிலையான பழுதுக்குத் துருவைச் சுரண்டி, மெலிந்த தகட்டை வெட்டி நீக்கி, மூலைகள் வளைந்த புதுத்துண்டைப் பற்றவைத்தல் வேண்டும். மெலிந்த தகட்டின்மேல் ஒட்டுப்போட்டால், ஒட்டின் ஓரத்திலேயே மறுகசிவு தோன்றும்.

இங்கு இரண்டு ஆபத்துகளை மறத்தலாகாது. மூடிய உருளையைப் பற்றவைத்தால் உள்ளே காற்று விரிந்தோ, பழைய தார், எண்ணெய் ஆகியவற்றின் ஆவி தீப்பற்றியோ வெடிக்கலாம். உள்ளே தூய்மை செய்து, எல்லா மூடிகளையும் திறந்து, காற்றோட்டம் தந்த பின்னரே தீயை அணுகுக. அடுத்து, இரும்பு துருப்பிடிக்கும்போது காற்றிலுள்ள பிராணவாயுவைக் கவர்ந்துகொள்கிறது. நெடுநாள் மூடியிருந்த உருளையில் அது குறைந்திருக்கும். நிறமோ மணமோ அதனை உணர்த்தாது. வெளிக்காற்றில் பிராணவாயு ஏறத்தாழ 21 விழுக்காடு. உள்ளே அது 19.5 விழுக்காட்டுக்குக் குறைவில்லை என்பதையும் நச்சு ஆவி இல்லை என்பதையும் கருவியால் அளந்தறியாமல் எவரும் நுழைதல் கூடாது. வெளியே ஒருவர் கயிற்றுடன் காவல் நிற்க வேண்டும். உள்ளே விழுந்தவரைக் காக்கத் தாமும் குதிப்பவர் இரண்டாவது பலியாவார்.

வகுப்பறையில்

ஆசிரியர்கள் இதனை மூடியுள்ள தகரக் குவளை ஒன்றினால் விளக்கலாம். அடியில் ஒன்றும் மூடியில் ஒன்றுமாக இரு துளைகள் இட்டு, மேல்துளையை விரலால் அடைத்துக் குவளையை நீரில் நிறுத்துக. சிறிது நீர் ஏறி நின்றுவிடும். விரலை எடுத்தால் காற்று சீறி வெளியேற, குவளை மூழ்கும். கீழ்த்துளை முன்பிருந்ததே, மூழ்கடித்தது மேலே திறந்த வழியாகும். ஆற்றங்கரைப் பணியாளர் மூடியில் கைவைக்கும்போது நினைவில் கொள்ளவேண்டிய பாடமும் இதுவே.