முடி நட்ட இடத்தில் துடிக்கும் கட்டி

லீவில் ஊருக்குப் போகும் நம் பிள்ளைகளில் சிலர், முன்தலை வழுக்கைக்கு முடி நட்டுக்கொண்டு திரும்புகிறார்கள். வரன் பார்க்கும் வயதில் அந்தக் கவலை நியாயமானதே, கேலி வேண்டாம். பின்தலை முடியை வேரோடு எடுத்து முன்னால் நடும் முறை பற்றி நியூயார்க் டாக்டர் நார்மன் ஓரன்ட்ரைச் 1959-இல் எழுதினார். பெரும்பாலோருக்கு இது தொல்லையின்றி முடிந்துவிடுகிறது.

அபூர்வமாகச் சிலருக்கு, சில வாரங்கள் கழித்துத் தலையில் சிறு கட்டி ஒன்று எழும்பும். தொட்டால் நாடிபோல் துடிக்கும். இரவில் தலையணையில் சாய்ந்தால் காதுக்குள் 'விர் விர்' என்று இரைச்சல் கேட்கும். அதற்குள் பையன் இங்கே வேலைக்குத் திரும்பியிருப்பான்; அறுவை செய்த டாக்டரோ ஊரில் இருப்பார். "சூட்டுக் கட்டி, பழுத்தால் உடைந்துவிடும்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். இங்கேதான் ஆபத்து.

துடிப்பது சீழ் அல்ல, ரத்தம். தலைத்தோலில் ரத்தக் குழாய்கள் மேலாகவே ஓடுகின்றன. மரத்துப்போகப் போடும் ஊசியோ, முடி எடுக்கும் கருவியோ தமனியின் சுவரைக் குத்திவிட்டால், கசியும் ரத்தம் பை கட்டிக்கொண்டு துடிக்கும். பக்கத்துச் சிரையும் சேர்ந்து குத்துப்பட்டால் இரண்டும் ஒட்டிக்கொண்டு குறுக்குவழி உண்டாகும். தமனியின் வேகமான ரத்தம் நேரே சிரைக்குள் பாய்வதால்தான் அந்த இரைச்சல். பின்தலையிலும் நெற்றிப்பொட்டுப் பக்கமும் இது வரலாம். இதைச் சீழ்க்கட்டி என்று நினைத்துக் கீறினால் ரத்தம் பீறிடும். எண்ணெய் தேய்த்துப் பிசைவதும் கூடாது.

கண்டுபிடிப்பது கடினமல்ல. டாப்ளர் ஸ்கேன் ரத்தம் ஓடும் திசையையே காட்டிவிடும். பார்க்க வேண்டியவர் ரத்தக்குழாய் அறுவை நிபுணர் அல்லது பிளாஸ்டிக் சர்ஜன்.

சிறியதானால் சில நாள் கவனித்துப் பார்ப்பார்கள்; தானே உறைந்து அடைபடுவதுண்டு. ரத்தப் பைக்கு, ஸ்கேனில் பார்த்தபடியே அழுத்திப் பிடிப்பதும், உறைய வைக்கும் திராம்பின் மருந்தை உள்ளே செலுத்துவதும் உண்டு. குறுக்குவழி பெரிதாக இருந்தால், தொடை அல்லது மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை அனுப்பி, உலோகச் சுருளாலோ பசையாலோ அடைப்பார்கள். தேர்ந்த கை வேண்டிய வேலை இது: தலைத்தோல் தமனிகளுக்குக் கண்ணின் தமனியோடும் தொடர்பு உண்டு. இல்லையேல், கட்டியைத் திறந்து, அதில் சேரும் குழாய்களைக் கட்டி, அகற்றிவிடுவார்கள். வரும் தமனியை மட்டும் கட்டினால் போதாது. பக்கக் கிளைகள் பெருத்து, கட்டி மறுபடி தலைதூக்கும்.

"தமனியைக் கட்டினால் நட்ட முடி வாடாதா?" என்று தாய்மார்கள் கேட்பது இயல்பு. தலைத்தோலுக்குப் பக்கத்துக்கு 5 தமனிகள் ரத்தம் தருகின்றன. ஒன்று போனாலும் பொதுவாக மற்றவை ஈடுகட்டும்.

யாரிடம் செய்துகொள்வது என்பதும் முக்கியம். அறுவைப் பயிற்சி பெற்ற டாக்டர்களே முடி நட வேண்டும், யூடியூப் பார்த்துக் கற்றது பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் சொல்ல வேண்டிவந்தது! ஊரில் செய்துகொண்டால், எந்தத் தேதியில், தலையின் எந்தப் பகுதியில் ஊசி போட்டு முடி எடுத்தார்கள் என்று எழுதி வாங்கி வாருங்கள். இங்குள்ள டாக்டர் முதலில் கேட்பது அந்தச் சீட்டைத்தான்.